தண்ணீர் விட்டுவிடு

ஆகஸ்ட் 4

தங்கைக்கு,

பதினோரு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன், போதும். நலமா என்று கேட்பது கடிதத்தின் மரபு. அதனால் கேட்கிறேன், நலமா? நான் நலம். ரத்த அழுத்தம் மட்டும் எங்கள் எழுத்தாளர்களைப் போல, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

நேற்றுப் பார்சல் ஆபீஸிலிருந்து ஆள் வந்தான். என் பெயருக்கு ஒரு மரப்பெட்டி. உள்ளே மூன்று தகர டப்பாக்களில் மூன்று செடிகள். சாம்பல் பூசியதுபோல் இலை. தொட்டால் மணிக்கட்டு வரை அரிப்பு. கடிதம் இல்லை. ஒரு டப்பாவில் கட்டியிருந்த அட்டையில் ‘வெயிலில் வை’ என்று இரண்டே சொற்கள். அனுப்பியவர் பெயர் இல்லை. இருந்தும் கண்டுபிடித்துவிட்டேன். ‘வை’யின் இணைக்கொம்பில் ஒரு சுழியை விழுங்குகிற ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான். இரண்டாம் வகுப்பிலிருந்து சொல்லி வருகிறேன்.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். பேசியது காற்றோடு போகும். எழுதியதைப் பின்னால் எடுத்துக் காட்டலாம். ஆகவே எழுத்தில் கேட்கிறேன்.

அப்பா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை? சித்தப்பாதான் அப்புறம் சொன்னார்: “உங்கப்பாவே ‘அவனை விட்டுடு’ன்னு சொல்லிட்டாருப்பா, நாங்க என்ன பண்றது?” பெற்றவர் தன் வாயாலேயே என்னைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறார். நீயும் விட்டுவிட்டாய். பிறகு ஒரு கார்டு வந்தது. ‘அப்பா தவறிவிட்டார். எல்லாம் முடிந்தது.’ கீழே கையெழுத்து இல்லை. ‘தங்கை’ என்கிற மூன்றெழுத்துக்கு அந்தக் கார்டில் இடமில்லையா? அளந்து பார்த்தேன். இரண்டு விரல்கடை இடம் இருந்தது.

அதன்பின் நீ எழுதிய இரண்டு கடிதங்களை உறை பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது செடிகளை அனுப்பியிருக்கிறாய். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், தோட்டக்காரன் அல்ல. இவற்றை என்ன செய்ய? எழுதினால் செடிக்கு மட்டும் பதில் எழுதாதே, மேலே கேட்டதற்கும் எழுது.

இப்படிக்கு,
அண்ணன்
(எம்.ஏ., முதுநிலை மெய்ப்புத் திருத்துநர்)


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அவரும் சுகம். ரத்த அழுத்தத்துக்கு உப்பை குறையுங்கள். கோபத்தை குறைக்க சொல்லி இந்த வயதில் உங்களிடம் குட்டு வாங்க நான் தயாராக இல்லை.

உங்கள் கடிதம் வந்ததும் நான் வேலை பார்க்கும் நாற்றுப் பண்ணையில் எல்லோருக்கும் காட்டினேன். உறையை மட்டும். “அண்ணன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கே” என்றார்கள். உள்ளே இருப்பதும் அச்சு மாதிரிதான், கல்லில் அடித்தது என்று சொல்லவில்லை.

செடியை பற்றி சொல்கிறேன். நடுக்கடலில் எரிமலை கக்கி குளிர்ந்த தீவுகள் இருக்கின்றனவாம். அங்கே பிறந்தது இது. மண் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கரிய கல், சாம்பல், உப்பு காற்று, எப்போதாவது மழை. புத்தகப் பெயரை எங்கள் பண்ணைக்காரராலேயே ஒரே மூச்சில் சொல்ல முடியாது. நான் நீலவால் என்று கூப்பிடுகிறேன். பூத்தால் ஏன் என்று தெரியும். ஒன்றரை அடிக்கு நீலமாக நிமிர்ந்து நிற்கும், கோபித்துக்கொண்ட பூனையின் வால் மாதிரி.

வளர்ப்பது சுலபம், எதுவும் செய்யாமல் இருக்க தெரிந்தால். பொடிக்கல், உடைந்த செங்கல், சுவரில் உதிர்ந்த காரை, இதில் வையுங்கள். உரம் வேண்டாம். வேரில் ஈரம் நின்றால் அழுகிவிடும். மத்தியானம் தலையை தொங்கப்போட்டு சாகிற மாதிரி நடிக்கும், நம்பாதீர்கள். சாயங்காலம் தானே எழுந்து உட்காரும். எங்கள் பண்ணையில் இடம் மாற்றும்போதுகூட கையால் தூக்குவதில்லை, எல்லாவற்றுக்கும் தள்ளுவண்டிதான், அசைத்தால் கோபித்துக்கொள்ளும். உங்களுக்கு பொருத்தமான செடி.

ஏன் அனுப்பினாய் என்றால், வீட்டில் வைக்க இடமில்லை. அவ்வளவுதான். மற்றதுக்கு பிறகு எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை பண்ணை முகவரிக்கே போடுங்கள், வீட்டில் தபால் வாங்கி வைக்க ஆள் இல்லை.

பூக்கும் வரைக்குமாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 27

தங்கைக்கு,

நலம். உப்பைக் குறைத்துவிட்டேன், சோறு செய்தித்தாள் மாதிரி இருக்கிறது.

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பயப்படாதே, இந்த முறை படித்து, நகலும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு. ஒற்று விட்ட இடங்கள் மட்டும் பத்துக்கு மேல். எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். ‘நீங்கள்’, ‘உங்கள்’ எல்லாவற்றையும் பிழையில் சேர்த்து அடித்துவிட்டு மேலே ‘நீ’, ‘உன்’ என்று எழுதியிருக்கிறேன், பார். ஆறு வயதில் என் முதுகில் ஏறி, “டேய் குதிரை, வேகமாப் போடா” என்றவள் இன்று ‘வையுங்கள்’, ‘நம்பாதீர்கள்’ என்று எழுதுவதை எந்த அச்சகமும் அனுமதிக்காது.

செடிகளைப் பின்முற்றத்தில் வைத்திருக்கிறேன். என் வீடு உனக்குத் தெரியாது. முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, சமையலறை, சிமெண்ட் முற்றம். பின்னறை முழுக்க முப்பது ஆண்டு மெய்ப்புக் கட்டுகள். என்னைக் கட்டிக்கொள்கிற தப்பை யாரும் செய்யாததால் இடம் போதுகிறது. மாடியில் ஒரு டெய்லர் குடியிருக்கிறார். காலையில் படியிறங்கி வந்து, “சார், நாய்க்குட்டி வளர்க்கறீங்களாமே” என்றார்.

“செடி.”

“இலையைத் தடவிப் பாத்தேன், நாய்க்குட்டி மாதிரிதான் மெத்துனு இருந்துச்சு. அப்புறம் கடிச்சுடுச்சு.” கையைச் சொறிந்துகொண்டே மேலே போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தால் மூன்றும் தலை கவிழ்ந்து கிடக்கின்றன. நடிப்பு என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடிக்கிறவர்களை அச்சகத்தில் தினமும் பார்க்கிறேன், எனக்கு அடையாளம் தெரியும்.

என் கடிதம் வீட்டுக்கு வருவது மாப்பிள்ளைக்குக் கௌரவக் குறைச்சலோ? பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகும் நான் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும்போலிருக்கிறது. சரி.

கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

அண்ணன்
(எம்.ஏ.)


செப்டம்பர் 10

அன்புள்ள குதிரைக்கு,

சுகம். திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். நீ, நீ, நீ. போதுமா?

சிவப்பு மை பார்த்து பண்ணைக்காரர், “என்னம்மா, கோர்ட் நோட்டீஸா?” என்றார். “இல்லைங்க, எங்க அண்ணன் பாசமா எழுதியிருக்கான்” என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கே கொஞ்ச நேரம் ஆனது.

இதை இடது கையால் எழுதுகிறேன். பிழையெல்லாம் இடது கை கணக்கில் போடு. வலது மணிக்கட்டில் கட்டு போட்டிருக்கிறேன், பண்ணையில் தொட்டி தூக்கினபோது பிசகிவிட்டது. பத்து நாளில் சரியாகிவிடும்.

உண்மையை சொல்லு, மத்தியானம் தண்ணீர் ஊற்றினாயா இல்லையா? ஊற்றியிருப்பாய். யாராவது தலை கவிழ்ந்து கிடந்தால் உனக்கு தாங்காது. வெளியே மட்டும் சிவப்பு மை.

தங்கை


அக்டோபர் 2

தங்கைக்கு,

நலம். மணிக்கட்டு எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஊற்றினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினேன். அதுமட்டுமல்ல, பெரியதாக இருந்த ஒன்றுக்கு மக்கிய எருவும் இரண்டு பிடி போட்டேன். கல்லிலும் காரையிலும் ஒரு உயிர் வளரும் என்பதை நான் எப்படி நம்புவேன்? மூன்று வாரம் அரச வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்ந்தது, இலையெல்லாம் பச்சை. நேற்றுக் காலை பார்த்தால் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்து கிடந்தது. நல்ல தீனி போட்டால் செத்துப்போவதும், பட்டினி போட்டால் பிழைப்பதும் என்ன ஜாதியில் சேர்த்தி? அச்சகத்தில் தலைமைப் பதிப்பாசிரியர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிறவரைப் போல.

அவர் கதை உனக்குத் தெரியாது. அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டும். அவருக்குப் போயிற்று. போன வாரம், ‘வாழ்த்துகள்’ என்பதில் ‘க்’ வராது என்று குறித்து அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டு நேரிலும் வந்தார். “ஒரு ‘க்’ கூடுதலா இருந்தா வாழ்த்து கூடுதலாத்தானே சார் இருக்கும், விடுங்க” என்றார். விடுங்க. எல்லோரும் என்னிடம் அதைத்தான் சொல்கிறார்கள்.

மிச்சம் இரண்டு. ஒன்று நன்றாக இருக்கிறது. மற்றது சவலை; ஒரு பக்கம் காய்ந்து, வளர்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அதை மொட்டைமாடியில் டெய்லரின் துணிக்கொடிக்குப் பக்கத்தில், உடைந்த ஓடு குவிந்திருக்கும் மூலையில் போட்டுவிட்டேன். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் கேட்டதையும் நீ கணக்கில் சேர்க்கவில்லை. ‘அவனை விட்டுடு’ என்று அப்பா சொன்னது உண்மையா, பொய்யா? ஒற்றைச் சொல்லில் எழுதினால்கூடப் போதும்.

அண்ணன்


டிசம்பர் 15

அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். மூன்று மாதமாக எழுதவில்லை, வேலை அதிகம். பேனா கைவசம் இல்லை, பென்சில்தான். தாளும் இல்லை, விதை உறையை கிழித்து உள்பக்கத்தில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

செத்ததுக்கு வருத்தப்படாதே. நானும் முதல் வருஷம் ஆறு கொன்றேன். மற்றது எப்படி இருக்கிறது? குளிர் போக போக கிளை நுனியில் இலைக்கொத்து நடுவில் தடித்து ஒரு கூம்பு கிளம்பும். அதுதான் மொட்டு. மொட்டு விட்டதும் தண்ணீர் விட்டுவிடு. மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பூத்ததும் உடனே எழுது. நிறம் எப்படி இருக்கிறது என்று எழுது. இங்கே எனக்கு பார்க்க வாய்ப்பில்லை.

தங்கை


ஜனவரி 30

தங்கைக்கு,

நான் நலமாக இல்லை. அழுத்தம் ஏறிவிட்டது, காரணம் நீ.

இந்த மாதம் எட்டாம் தேதி மொட்டு விட்டது. நீ எழுதியது போலவே கூம்பு. டெய்லரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “பொத்தான் மாதிரி இருக்கு சார், காஜா எடுக்க வேண்டியதுதான்” என்றார். அன்று சாயங்காலமே உன் விதை உறையை எடுத்து வைத்துக்கொண்டு, நீ எழுதியதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினேன். ‘மொட்டு விட்டதும் தண்ணீர் விட்டுவிடு.’ விட்டேன். தினமும் ஒரு வாளி. காலையில் அச்சகத்துக்குத் தாமதமாகப் போனாலும் தண்ணீர் விடாமல் போகவில்லை. பதினெட்டாம் நாள் மொட்டு பழுப்பாகி, தொட்டால் குழைந்தது. வேரைப் பிடித்து இழுத்தேன். ஈரத்துணியை உருவுவதுபோல் கையோடு வந்தது.

டெய்லர் சொல்கிறார், “தங்கச்சி தண்ணியை நிறுத்தச் சொல்லியிருப்பாங்க சார்.” அவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு எப்படித் தோன்றும்? ‘தண்ணீரை விட்டுவிடு’ என்றால் நிறுத்து என்று பொருள். ‘தண்ணீர் விட்டுவிடு’ என்றால் ஊற்று. ஒரு ‘ஐ’. இரண்டாம் வேற்றுமை உருபு. அதைப் போட உன் பென்சிலில் கரி இல்லாமல் போயிற்று. இணைக்கொம்பில் ஒரு சுழி விழுங்குவாய் என்று நினைத்திருந்தேன். இந்த முறை உருபையே விழுங்கிவிட்டாய். ஐந்து மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்ததை நீ ஒரு எழுத்தால் கொன்றாய்.

நீ எழுதுகிறவற்றில் எப்போதும் முக்கியமானது ஒன்று குறைகிறது. கார்டில் கையெழுத்து. கடிதத்தில் பதில். இப்போது இது.

அண்ணன்


பிப்ரவரி 12

அண்ணா,

சுகம். நீ மாத்திரை ஒழுங்காக போடு, பிறகு என்னை திட்டு.

செடிக்கு நீ சொன்னது சரி. ‘ஐ’ போடவில்லை. என் தப்பு. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? தண்ணீர் இந்த செடிக்கு ஆகாது என்று ஆகஸ்டிலேயே எழுதினேன். இதை தெரிந்தவன் யாரும் அந்த வரியை படித்துவிட்டு வாளியை எடுக்க மாட்டான். டெய்லர் எடுக்கவில்லை. உனக்கு இலக்கணம் தெரியும், செடியை தெரியாது.

இனி நீ கேட்டதுக்கு வருகிறேன். அப்பா சொன்னதில் ‘ஐ’ இருந்தது அண்ணா. அப்படியும் நீ தப்பாகத்தான் எடுத்தாய்.

இரண்டாம் நாள் காலையில் உனக்கு சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அப்பா என் மணிக்கட்டை பிடித்தார்.

“யாருக்கும்மா?”

“அண்ணனுக்கு.”

“அவனை விட்டுடு. பொஸ்தகம் முடியட்டும்.”

“அப்புறம் தெரிஞ்சா அவன் என்னைக் கொன்னே போட்டுடுவான்பா.”

“கொல்ல மாட்டான். திருத்துவான்.”

சொல்லிவிட்டு சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. சித்தப்பா பிளாஸ்கோடு வாசலில் நின்றார். முதல் பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. அதைத்தான் உன்னிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

நீ அப்போது அந்த அகராதியில் இருந்தாய். எட்டு வருஷ வேலை, கடைசி பாரம் அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பள்ளிக்கூடம் போகாதவர், லேத் பட்டறையில் இரும்பு சீவியே காலத்தை கழித்தவர். பட்டறையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் “எம்பையன் உலகத்துல இருக்கற வார்த்தையெல்லாம் எண்ணிக்கிட்டிருக்கான், இன்னும் கொஞ்சந்தான் பாக்கி” என்பார். மூன்றாம் நாள் டாக்டர் பயமில்லை என்றார். நம்பினேன். நாலாம் நாள் விடியும்போது போய்விட்டார்.

கார்டில் ‘தங்கை’ என்று எழுதத்தான் செய்தேன். இரண்டு கார்டு. இரண்டையும் கிழித்தேன். உன்னை கூப்பிடாமல் இருந்துவிட்டு எந்த கையால் அதை எழுதுவது? மூன்றாவதை அப்படியே பெட்டியில் போட்டேன்.

நீ திருப்பி அனுப்பின முதல் கடிதத்தில் இதையெல்லாம் எழுதியிருந்தேன். அது திரும்பி வந்ததும் ஒரு பக்கம் நல்லதுதான் என்று தோன்றியது. அந்த புத்தகத்துக்காகத்தான் அப்பாவை பார்க்க முடியாமல் போனது என்று தெரிந்தால் நீ புத்தகத்தை தொடவே மாட்டாய். உன்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை வெறுப்பதுக்கு பதில் என்னை வெறுத்துவிட்டு போ என்று விட்டுவிட்டேன். பிறகு அதுவே பழகிவிட்டது.

வீட்டு பின்புறம் பன்னிரண்டு நீலவால் வைத்திருந்தேன். மூன்றை முதலிலேயே உன்னிடம் அனுப்பியது நல்லதாக போயிற்று. மற்ற ஒன்பதும் இப்போது இல்லை. மொட்டைமாடியில் போட்டாயே, அந்த சவலை, அது இருக்கிறதா?

தங்கை


மார்ச் 9

அண்ணா,

சுகம். உன் உடம்பு எப்படி? ஒரு மாதமாக கடிதம் இல்லை. நான் எழுதியது தவறு என்றால் திருத்தி அனுப்பு, திட்டி அனுப்பு. எதையாவது அனுப்பு.

இந்த மாதம் 31-க்கு பிறகு பண்ணை முகவரிக்கு எழுத வேண்டாம். புது விதை மூட்டைகள் வருகின்றன, விதை அறையை காலி செய்து கொடுக்க சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, இவ்வளவு நாள் விட்டு வைத்ததே பெரிது. வேறு முகவரி கிடைத்ததும் எழுதுகிறேன்.

தங்கை


மார்ச் 13

தங்கைக்கு,

நலமா என்று இதுவரை மரபுக்காகக் கேட்டேன். இப்போது கேட்கிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஒரு மாதம் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. உன் கடிதம் வந்த அன்று அகராதியை எடுத்தேன். பின்னறையில் அடிக் கட்டிலிருந்து அந்தப் பக்கத்தின் மெய்ப்பையும் தேடி எடுத்தேன். ‘விடு’வுக்கு இருபத்திரண்டு பொருள் கொடுத்திருக்கிறோம். நான்காவது, கைவிடு. பதினேழாவது, தொந்தரவு செய்யாமல் இரு. இரண்டின் ஓரத்திலும் சரிபார்த்ததற்கான என் குறி இருக்கிறது. அப்பா சொன்னது பதினேழாவது. நான் பதினோரு ஆண்டுகளாக நான்காவதிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன். புத்தகத்தை வெறுக்கவில்லை. உன் கணக்கு அதில் தப்பு. மூடி, அதன் இடத்தில் வைத்துவிட்டேன்.

பிறகு எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. தினமும் ஒரு வரி எழுதி அடித்தேன். நேற்று உன் கடைசிக் கடிதம் வந்தது. உன் கடிதங்கள் எல்லாவற்றையும் மேஜையில் தேதி வரிசையில் அடுக்கினேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு மெய்ப்புப் பார்த்தேன்.

ஆகஸ்ட் கடிதத்தில் ‘அவரும் சுகம்’ என்று இருக்கிறது. அதன்பிறகு எந்தக் கடிதத்திலும் ‘அவர்’ இல்லை. ஆகஸ்ட் கடிதத்தில் பண்ணையில் எதையும் கையால் தூக்குவதில்லை, தள்ளுவண்டிதான் என்று இருக்கிறது. செப்டம்பரில் தொட்டி தூக்கியதால் மணிக்கட்டு பிசகிவிட்டது என்று இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் கடிதம் இல்லை. டிசம்பரில் பேனா இல்லை, தாள் இல்லை, விதை உறை மட்டும் இருக்கிறது. விதை அறையைக் காலி செய்வதற்கும் உன் முகவரி மாறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நேற்று ஒரு மணி நேரம் யோசித்த முட்டாள் நான். ஊரார் எழுதியதில் விடுபட்டதைக் கண்டுபிடித்து ஓரத்தில் குறிப்பதுதான் என் பிழைப்பு. உன் கடிதத்தில் ஒற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

விடுபட்ட இடத்தில் என்ன வரும் என்று நான் இட்டு நிரப்பப்போவதில்லை. அது நீ எழுத வேண்டியது. எழுதாவிட்டாலும் கேட்க மாட்டேன்.

சவலை இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். உண்மையைச் சொன்னால் அதை நான் மறந்தே போயிருந்தேன். அக்டோபருக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. இன்று காலை டெய்லர் படியில் நின்று கத்தினார்.

“சார், மேல வந்து உங்க செடியைக் கொஞ்சம் விசாரிங்க. துணி காயப்போட முடியலை.”

“ஏன், மறைக்குதா?”

“தேனீ சார். ஊர்ப்பட்ட தேனீ. கஸ்டமர் ஜாக்கெட்ல உக்காந்து அளவெடுக்குது.”

போய்ப் பார்த்தேன். உடைந்த ஓட்டுக் குவியலுக்குள் தகர டப்பா துருப்பிடித்து அடி பிளந்திருக்கிறது. வேர் அந்த வழியாக ஓடுகளுக்கிடையில் இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் காய்ந்தது காய்ந்தபடியே. மறுபக்கத்தில் நாலு வால். நிறத்தை எழுதச் சொன்னாய். எழுத்துக்காரன் என்று பெயர், எனக்கு அதற்குச் சொல் அகப்படவில்லை. நீலம், அடியில் இருப்பவை முழுதும் விரிந்து கருநீலம், மேலே போகப் போக வெளிறி, நுனியில் இன்னும் மொட்டு. ஒவ்வொரு பூவுக்குள்ளிருந்தும் சிவப்பாக மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. என் திருத்தக் குறிகள் மாதிரி. டெய்லர் கொடியை அவிழ்த்து எதிர்ச்சுவருக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். நான் சொல்லவில்லை, அவராகத்தான்.

வாரம் பத்து நாளில் முதல் வால் உதிரத் தொடங்கும் என்று நினைக்கிறேன். விதை எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. இனி அதை நான் தொடுவதாகவும் இல்லை. தொட்ட இரண்டும் செத்தன.

பின்னறையிலிருந்த மெய்ப்புக் கட்டுகளை இன்று மத்தியானம் பழைய பேப்பர்க்காரரிடம் கொடுத்துவிட்டேன். ‘வி’ மட்டும் வைத்துக்கொண்டேன். அறை நான் நினைத்ததைவிடப் பெரியதாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் முற்றம். சாயங்காலம் தச்சர் வந்து கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டார். “வெளியிலதான் ஏற்கனவே இருக்கே சார்” என்றார். உள்ளேதான் வேண்டும் என்றேன். கெட்டியான தாழ்ப்பாள். நானே இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

சுவரில் உதிர்ந்த காரையைக் கூட்டிக் கொட்டாமல் முற்றத்து மூலையில் குவித்து வைத்திருக்கிறேன். உனக்குப் பயன்படும்.

31 வரை காத்திருக்காதே. வந்துவிடு. இந்த இடத்தில் ‘விடு’ துணைவினை. உறுதிப்பொருள். வேறு பொருள் கிடையாது, நானே பார்த்துவிட்டேன்.

கடைசியாகக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். ‘அண்ணன்’. நான்கே எழுத்து. இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது. எந்தக் கையால் எழுதுவது என்று நீ கேட்டது இப்போது புரிகிறது. கீழே இரண்டு விரல்கடை இடம் இருக்கிறது, அளந்து பார்த்தேன். அதை அப்படியே விட்டு, இப்படியே தபாலில் போடப்போகிறேன்.